என் தலைக்கு அவள் கை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், சார். எனக்கு வேண்டாம். காற்றடித்தால் இந்தத் துண்டு நிற்காது. தலைவலியெல்லாம் இல்லை. சும்மா கட்டியிருக்கிறேன்.

நீங்களும் நாகப்பட்டினம்தானா? நல்லது. நாச்சியார்கோவிலில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். அப்புறம் கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளலாம். நான் என் மனைவியைக் கூட்டிவரப் போகிறேன். தங்கை வீட்டுக்குப் போனவள். நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றோடு நாற்பத்தோரு நாள். இன்றைக்கு எப்படியும் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எனக்குக் கெடு.

என்ன கெடு என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவளுடைய கையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

வேதவல்லி என்று பெயர். வேதா என்று கூப்பிடுவேன். இரண்டரை வருஷமாக அவளுக்குக் கையில் கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். முதலில் வலது கையில் மூன்று விரல் நுனியில் வந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். தோலுக்கடியில் ஜவ்வரிசி பதித்த மாதிரி குட்டிக் குட்டியாக நீர்க்கொப்புளம். அரிக்கும். அரிப்பு என்றால் நாம் நினைக்கிற அரிப்பு இல்லை, சார். தேங்காய் துருவுகிற பல்லில் கொண்டுபோய்த் தேய்க்கலாம் போல இருக்கிறது என்பாள். சொறிந்தால் உடையும். உடைந்தால் நீர் வடியும். பிறகு காய்ந்து, தடித்து, வெடித்துவிடும். உள்ளங்கையை முழுக்க விரித்தால் வெடிப்பில் ரத்தம் துளிர்க்கும். சோறு பிசைய முடியாது. சாம்பார் பட்டால் எரியும். ஸ்பூனால் சாப்பிட்டாள். ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட முடியாது. நான்தான் மாட்டிவிட்டேன். இதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் யாரோ எவரோ.

நான் அவளைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கரப்பான் பண்டம் என்று ஒரு வரிசை உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். தின்றால் தோலில் கிளப்பிவிடும். எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பட்டுப்புடவைக்குள் வைக்கிற அட்டை ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து அழகாக எழுதினேன். கத்திரிக்காய், கருவாடு, நண்டு, இறால், வாளை மீன், பரங்கிக்காய், நிலக்கடலை, சோளம், மாங்காய். அடுப்பங்கரையில் அவள் கண்ணுக்கு நேரே ஆணியடித்து மாட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “சோறு இருக்கா? அதையும் எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அப்போது அவள் விளையாட்டாகப் பேசுவாள்.

டிக்கெட்டா? நாகை ஒன்று.

கேட்டீர்களா, சார்? “பெரியவரே, சில்லறையா குடுங்க” என்கிறான். பெரியவராம்! துண்டைக் கட்டினால் எல்லோரும் பெரியவர்தான் இவர்களுக்கு.

ஆமாம், கடை. கும்பகோணத்தில் ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். முப்பத்தொரு வருஷம் பட்டு செக்‌ஷன். கலியமூர்த்தி என்று கேட்டால் கல்யாணம் எடுத்த குடும்பங்கள் எல்லாம் சொல்லும். பெண் எந்தப் புடவையைப் பார்க்கிறது, தாயார் எந்தப் புடவையைப் பார்க்கிறாள், இரண்டுக்கும் நடுவில் எதை விரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது கையில் இருக்கிற வித்தை இல்லை, முகத்தில் இருக்கிற வித்தை.

ஐயோ. விலகிவிட்டதா? பார்த்துவிட்டீர்களா?

சரி, பார்த்தாயிற்று. இனி மறைத்து என்ன. வேரில் ஒரு விரல்கடை வெள்ளை, அதற்கு மேல் கறுப்பு. கரும்பலகையில் கோடு இழுத்த மாதிரி இருக்கும். நாற்பத்தோரு நாள் வளர்ச்சி. உங்களுக்கு முழுக்க நரைத்திருக்கிறது, எந்தத் தொல்லையும் இல்லை. ஆசிரியர் என்கிறீர்கள், அந்த வேலையில் நரை மரியாதை. ஜவுளிக்கடையில் அப்படி இல்லை. பெரிய முதலாளி இருந்தவரை யாரும் தலையைப் பார்க்கவில்லை. சின்ன முதலாளி வந்ததும் சொல்லிவிட்டார்: “பட்டு மாடியில நரைச்ச தலை வேணாம். கல்யாணப் பொண்ணு வர்ற இடம்.” என்னோடு சேர்ந்த மாசிலாமணி சாயம் பூசமாட்டேன் என்றான். இப்போது வாசலில் பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். மானமுள்ளவன் செய்கிற வேலையா அது? எனக்கு அறுபத்திரண்டு. கடையில் ஐம்பத்து நாலு.

எனக்கு வாரத்தில் புதன்கிழமை லீவு. வாரம் விட்டு வாரம் புதன் காலையில் கொல்லைப்புறத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டி. வேதா கிண்ணத்தில் பொடியைப் போட்டு, தண்ணீர் விட்டு, விரலாலேயே குழைப்பாள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர. பிறகு வகிடு வகிடாகப் பிரித்து, அந்த மூன்று விரலால் வேருக்குள் தேய்ப்பாள். பிரஷ் ஆகாது, சார். பிரஷ் மேலோடு போகும். அவள் விரல் போனால்தான் ஒரு வெள்ளைகூடத் தப்பாது. காதுக்குப் பின்னால் இருக்கிற பூனைமுடி வரைக்கும். பாக்கெட்டோடு ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை வரும். அதை நாங்கள் வீணாக்குவதில்லை. அதில் கறிவேப்பிலை போட்டு வைப்பாள். கடையில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. என் தலைக்கு அவள் கைதான். பத்து வருஷமாக அப்படித்தான்.

சாயம் அவள் விரலில் இரண்டு நாள் நிற்கும். எலுமிச்சம்பழத் தோலும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பொறுங்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வைத்தியம் செய்கிறவன் இல்லை. தினசரிக் காலண்டரில் குறித்துவந்தேன். எந்தத் தேதியில் கொப்புளம், எந்தத் தேதியில் நீர், எந்தத் தேதியில் காய்ச்சல். நாலு மாதம் குறித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வியாழன் வெள்ளியில் கிளம்புகிறது. அடுத்த வாரம் தணிகிறது. அதற்கடுத்த வியாழன் வெள்ளியில் மறுபடியும். ஆகவே புதன்கிழமை ஏதோ நடக்கிறது! புதன்கிழமை என்ன? என் லீவு. லீவென்றால் வீட்டில் மீன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மீனை நிறுத்தினேன்.

நிற்கவில்லை.

புதன்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல் உண்டு. எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவள்தான். நல்லெண்ணெயை மாற்றினேன். அப்புறம் அரப்பை மாற்றினேன். அப்புறம் புதன்கிழமை வருகிற பூக்காரி மேல் சந்தேகம் வந்து, பூ வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து, புதன்கிழமையில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டேன். ரசம், சுட்ட அப்பளம், அவ்வளவுதான். அப்படியும் வியாழக்கிழமை வந்துவிடுகிறது.

“எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“எடுத்துட்டேனே. இன்னும் என்ன இருக்கு?”

அவள் எலுமிச்சம்பழத் தோலால் விரலைத் தேய்க்கப் போய்விட்டாள். அதுதான் அவளிடம் குறை. ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

கை வைத்தியமும் விடவில்லை. குப்பைமேனி அரைத்துப் போட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டேன். கை பொறுக்கிற சூட்டில் உப்புத் தண்ணீர் வைத்து, கால்மணி நேரம் முக்கி வைக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பாள். கண்ணில் தண்ணீர் வரும். நோய் போக வேண்டாமா, சார்?

இதற்கு நடுவில் நவராத்திரி வந்தது. எதிர்வீட்டு ராஜாமணியம்மாவைத் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். வேதா தட்டை நீட்டினாள். அந்த அம்மா விரலைப் பார்த்துவிட்டு, “கீழ வச்சிரு வேதா, நான் எடுத்துக்கறேன்” என்றார்கள். கீழே வைத்ததையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இது தொத்துகிற வியாதி இல்லை, சார். அன்றைக்கு அது எனக்கும் தெரியாது. அவர்கள் போன பிறகு வேதா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு கொதித்துவிட்டது. அன்றோடு வாசல் கதவைச் சாத்தினேன். கோலம் வேண்டாம், மாவு ஆகாது. கோவில் வேண்டாம், குங்குமம் ஆகாது. கடைத்தெரு வேண்டாம், தூசி. அவள் தங்கை வந்தால்கூட, “இப்ப வேணாம், அப்புறமா வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். காலையில் நானே சமைத்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடைக்குப் போவேன். திரும்ப ராத்திரி ஒன்பதரை. நடுவில் பன்னிரண்டரை மணி நேரம். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. டீவி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. ராணி மாதிரி வைத்திருந்தேன். போனில் கேட்பேன், “என்ன பண்றே?” என்று. “கையைப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்பாள். தினமும் அதே பதில்.

இது குடவாசல். டீ சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

ஒரு தடவை வெடிப்பில் சீழ் பிடித்து, புறங்கை வீங்கி, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கு மேல் தாங்காது என்று தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண். முப்பது வயது இருக்குமா? ஆனால் பொறுமை. வேதாவின் கையைத் தன் வெறுங்கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தது. வேதா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். “ஒட்டிக்காதும்மா, குடுங்க” என்றது அந்தப் பெண். வேதாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று எனக்குப் புரியவில்லை. வலித்திருக்கும்.

முதலில் சீழுக்கு மருந்து. பிறகு களிம்பு. அந்தப் பெண் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பதினோரு விஷயம். குப்பைமேனி, மஞ்சள், உப்புத் தண்ணீர் மூன்றும் கூடாது. சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்புப் போதும். வாசனை சோப்பு கூடாது. கை கழுவினால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனையில்லாத பசையைத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை என்றாலும் தடவ வேண்டும். ஸ்டீராய்டு களிம்பைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நாமாக நீட்டிக்கவும் கூடாது, சொன்ன நாள் வரைக்கும் சொன்ன அளவு. பாத்திரம் தேய்த்தால் உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். என் பட்டியலைக் காட்டினேன். அட்டையோடு கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டு, “அவங்க எதைச் சாப்பிட்டு வந்துச்சுன்னு நீங்க பாத்தீங்க?” என்று கேட்டது. கரப்பான் பண்டம் என்றேன். “மீன் சாப்பிடட்டும், சார். கத்திரிக்காயும் சாப்பிடட்டும்” என்றது. படித்த பெண், அனுபவம் பத்தாது.

பதினோராவது என்னவென்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கை கொஞ்சம் தணிந்ததும் ஒரு சோதனை வைத்தார்கள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டமாக மருந்தை ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருக்க வேண்டும். எந்த இடம் சிவக்கிறதோ அந்தப் பொருள்தான் ஆகாது. எடுத்துப் பார்க்கிற அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “அண்ணே, நீங்களா! எங்க பெரிய பொண்ணு முகூர்த்தப் பட்டு நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. பன்னண்டு வருஷமாச்சு. அப்படியே இருக்கீங்களே, ஒரு முடி நரைக்கலையே!” என்றார். பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எப்படி இருக்கும்?

உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே பழக்கம் எப்படியென்றால், ஒரு ஆள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த ஆளையும் உள்ளே விட்டுக் கதவோரம் உட்காரவைத்துவிடுகிறார்கள். அடுத்த ஆள் அவர்தான், சார். அந்தப் பட்டுக்காரர்.

வேதா முதுகில் ஒரே ஒரு இடம் காலணா அளவு சிவந்து, தடித்து, கொப்புளித்திருந்தது. டாக்டர் சொன்னது: “இது முடிக்குப் போடற கறுப்புச் சாயத்துல இருக்கற மருந்து. இதுதாம்மா உங்க கையைக் கெடுக்குது.”

“அவ சாயம் பூசறதில்லீங்களே” என்றேன். பொய் இல்லை. வேதாவுக்குப் பஞ்சு மாதிரி வெளுத்த தலை. ஒரு நாளும் பூசியதில்லை.

“அவங்க பூசிக்க வேணாம். வேற யாருக்காவது பூசி விடறாங்களா?” என்று கேட்டுவிட்டு என் தலையைப் பார்த்தது.

கதவோரம் அந்த ஆள். என்ன செய்வேன்?

“இல்லீங்க. இது எனக்கு இயற்கை. எங்க அப்பாவுக்கே எழுபது வயசு வரைக்கும் நரைக்கலை” என்றேன்.

டாக்டர் வேதாவைப் பார்த்தது. “நீங்க சொல்லுங்கம்மா.”

வேதா என் காதோரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம். “அவர் சொல்றதுதான்” என்றாள்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தது. “அப்ப எங்கேயிருந்து வருதுன்னு நீங்களே தேடுங்க. அது கையில படற வரைக்கும் களிம்பு தணிக்கும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும்” என்றது. அதுதான் பதினோராவது.

பத்தை அட்சரம் பிசகாமல் செய்தேன், சார். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். கையுறை துவைத்துக் காயவைப்பது நான். பசை தீர்வதற்குள் அடுத்த டப்பா வாங்கி வைப்பது நான்.

பதினொன்றையும் விட்டுவிடவில்லை. அடுத்த புதன்கிழமை நானே சொன்னேன், “அந்தக் கையுறையைப் போட்டுக்கயேன்” என்று. போட்டுக்கொண்டாள். பூசினாள். மறுநாள் கடையில் வேட்டி செக்‌ஷன் பையன் ஒருவன், “அண்ணே, காதுக்குப் பின்னாடி சுண்ணாம்பு ஒட்டியிருக்கு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வேதாவிடம் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. அதற்கடுத்த தடவை கையுறையை அவளேதான் கழற்றிவைத்தாள். நான் கழற்றச் சொல்லவே இல்லை. நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கொப்புளம் வந்தது. களிம்பு போட்டேன். தணிந்தது. திரும்ப வந்தது. இப்படி ஐந்து மாதம்.

திருவாரூர் வந்துவிட்டது. இங்கே பத்து நிமிஷம் நிற்பான். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன்.

அவள் தங்கை செண்பகம் பத்திரிகை கொண்டுவந்தாள். மகளுக்கு வளைகாப்பு. அனுப்ப முடியாது என்றேன். வளைகாப்பென்றால் சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல், கூட்டம். எல்லாம் கைக்கு ஆகாது. செண்பகத்துக்கு வாய் ஜாஸ்தி. “அத்தான், எங்க அக்கா என்ன ஷோகேஸ் பொம்மையா? உங்க கடையில பொம்மைக்குக்கூட வாரத்துக்கு ஒரு புடவை மாத்துவீங்க” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வேதா உள்ளே போய்ப் பையோடு வந்துவிட்டாள். பை முன்னமே கட்டியிருந்திருக்கிறது! களிம்பு, பசை, பருத்திக் கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டாள். பட்டியலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “அது இங்கயே இருக்கட்டும்” என்றாள்.

பதினைந்தாம் நாள் என் சகலை பக்கிரிசாமி போன் பண்ணினான். “சகல, நேத்து அண்ணி கையால நண்டுக் குழம்பு. உங்க பட்டியல்ல நண்டு எத்தனாவது?” என்று கேட்டான். மூன்றாவது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். இருபத்தைந்தாம் நாள் போட்டோ அனுப்பினான். இதோ பாருங்கள். வெடிப்பு எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. விரல் நுனியில் ரேகைகூடத் திரும்பி வந்திருக்கிறது. கடற்காற்று, சார். உப்புக்காற்றுக்கு அந்தக் குணம் உண்டு என்று நினைக்கிறேன்.

நீங்கள் இல்லையென்று தலையை ஆட்டுகிறீர்கள். சரி, உங்கள் எண்ணம் உங்களுக்கு.

அவளுக்குக் கை ஆறியது. என் பாடு என்ன? ஒரு தடவை நானே கண்ணாடி பார்த்துப் பூசினேன். நெற்றியில் வழிந்து மூன்று நாள் கறுப்பு நின்றது. பின்மண்டை அப்படியே வெள்ளை. சலூனா? எங்கள் தெரு சலூன்காரன் அந்த வேட்டி செக்‌ஷன் பையனுக்கு மச்சான். வெளியூர் சலூனா? முன்பின் தெரியாதவன் ஏதோ ஒரு மருந்தைக் குழைத்துத் தலையில் போட்டு, எனக்கு ஒன்று ஆகிவிட்டால்?

போன திங்கட்கிழமை சின்ன முதலாளி கூப்பிட்டார். “கலியமூர்த்தி, கண்ணாடி பாக்கறீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லேன்னா மாசிலாமணி அண்ணன் பக்கத்துல இன்னொரு ஸ்டூல் போடச் சொல்லிருவேன்” என்றார். இதுதான் கெடு. அன்று சாயங்காலம் போகும்போது மாசிலாமணி என்னைப் பார்த்துச் சிரித்து, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். எனக்கு இடம் விடுகிறானாம்.

இன்று புதன். நாளைக்குள் அவள் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும்.

இருங்கள், போன். அவள்தான்.

வேதா? ஆமா, கீழ்வேளூர் தாண்டியாச்சு. ... என்ன கேள்வி இது? உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான். ... என்ன? ... சரியாக் கேக்கலை. வை, வை, இறங்கிட்டுப் பேசறேன்.

கேட்கத்தான் செய்தது, சார். நானாகத்தான் வைத்துவிட்டேன். “என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வர்றீங்களா, என் கையைக் கூட்டிக்கிட்டுப் போக வர்றீங்களா?” என்று கேட்கிறாள். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது? ஆளை விட்டுவிட்டுக் கை மட்டும் தனியாகவா வரும்?

நீங்களே சொல்லுங்கள், சார்.

மறுபடியும் அடிக்கிறது. எடுக்காவிட்டால் விடமாட்டாள். இவ்வளவு பேசுகிறவள் இல்லை இவள்.

சொல்லு. ... ஆமா, சிக்கல் வரப்போகுது. ... எந்த டாக்டரம்மா? ... அதெல்லாம் இப்ப எதுக்கு? ... வேதா, பஸ்ல இருக்கேன். பக்கத்துல ஆள் இருக்காங்க. ... நேர்ல வந்து சொல்றேனே. ... வைக்காத. வைக்காத, வேதா. ... ஆமா. ... ஆமான்னு சொல்றேன்ல. ... சத்தமாவா? ... ஆமா! சாயந்தான்! என் தலைக்குச் சாயம் பூசறேன், நீதான் பூசி விடறே, அன்னிக்கு டாக்டர் கேட்டதுக்கு இல்லைன்னு பொய் சொன்னேன்! போதுமா?

சிரிக்கட்டும் இந்தப் பிள்ளைகள். சிரிக்கட்டும், சார்.

... ம். கேக்குது. ... ம். ... எத்தனை மணிக்கு? ... சரி. ... சரி, வை.

சொல்லிவிட்டேன். நீங்களே கேட்டீர்கள். பஸ் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு ஒரு ஆளுக்குப் பயந்து மறைத்ததை இன்றைக்கு ஐம்பது பேருக்கு நடுவில் சொல்லிவிட்டேன். அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. “சரி, வாங்க” என்றாள். “இறால் வாங்கி நானே உரிச்சு வச்சிருக்கேன். சூடா சாப்பிடலாம். ஆறு மணிக்குக் கும்பகோணம் பஸ் இருக்கு. செண்பகம் வீட்டுக்காரர் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விடுவார். ஒரு ஆளுதானே, எப்படியும் இடம் கிடைக்கும்.”

ஒரு ஆள்.

அவள் கேட்டதைச் சொன்ன பிறகும் ஒரு ஆளாம். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்? ... என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகள் சத்தத்தில் கேட்கவில்லை. ... சாயத்தை விட்டுவிடுவதா?

அதை அவள் ஒரு நாளும் கேட்டதில்லையே, சார்.